அல்டிமா தொடரைக் கெடுத்தது ஈஏ மட்டும்தானா?

கேள்வி இதுதான்: “ஒருகாலத்தில் கம்ப்யூட்டரில் ஆர்பிஜி (பாத்திரமேற்று ஆடும் கேம்) என்றாலே அல்டிமாதான் என்கிறார்கள். அப்படிப்பட்ட தொடர் ஒன்பதாவது பாகத்தோடு ஏன் நின்றுபோனது? எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் (ஈஏ) வாங்கிக் கெடுத்துவிட்டது என்பது உண்மையா? இப்போது ஆட வேண்டுமென்றால் எதிலிருந்து தொடங்கலாம்?”

ஈஏ கெடுத்தது என்பது பாதி உண்மை. அல்டிமாவைச் செய்த ஆரிஜின் ஸ்டூடியோவை 1992-இல் வாங்கினார்கள். 1994-இல் எட்டாவது பாகம் சொதப்பியது. 1999-இல் ஒன்பதாவது பாகம் அதைவிட மோசமாகச் சொதப்பியது. 2004-இல் ஸ்டூடியோவையே மூடிவிட்டார்கள். இந்த வரிசையைப் பார்த்தால் குற்றவாளி யார் என்று விசாரிக்கவே வேண்டாம் போலத் தோன்றும். ஆனால் நோய் அதற்கு முன்பே உள்ளே இருந்தது. ஒவ்வொரு அல்டிமாவையும் அடியிலிருந்து புதிதாக எழுத வேண்டும் என்பது ஆரிஜினின் கொள்கை, பெருமையும்கூட. ஒருவரோ சிலரோ உட்கார்ந்து எழுதிய காலத்தில் அந்தக் கொள்கைதான் தொடரை உயரத்துக்குக் கொண்டுபோனது. ஒரு பாகத்துக்கே பெரிய குழுவும் பல வருடமும் தேவைப்பட்ட காலம் வந்தபோது அதுவே கழுத்தைப் பிடித்தது. ஈஏ செய்தது, அந்தப் பழக்கத்தை மாற்றாமலே அதன் தலையில் ஒரு காலண்டரை மாட்டியது.

ஆரம்பக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரிச்சர்ட் கேரியட் டெக்சாஸில் ஹூஸ்டன் பக்கம் வளர்ந்தவர். அப்பா ஓவன் கேரியட் நாசா விண்வெளி வீரர், 1973-இல் ஸ்கைலாபில் தங்கியிருந்தவர். மகன் பள்ளி வயதிலேயே ஆப்பிள் II-இல் ‘அகலாபெத்’ என்ற டஞ்சன் கேமை எழுதி, தான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கடையில் பிளாஸ்டிக் பையில் போட்டு விற்றார். 1980-இல் கலிஃபோர்னியா பசிஃபிக் என்ற நிறுவனம் அதை முறையாக வெளியிட்டது. 1981-இல் முதல் அல்டிமா, 1982-இல் சியரா என்ற நிறுவனம் வழியாக இரண்டாவது. சியராவோடு ராயல்டி தகராறு வந்ததும், 1983-இல் அண்ணன் ராபர்ட், அப்பா, நண்பர் ஒருவர் எனச் சேர்ந்து ஆரிஜின் சிஸ்டம்ஸைத் தொடங்கினார். மூன்றாவது பாகமான ‘எக்ஸோடஸ்’ அங்கிருந்து வந்தது. ஜப்பானில் 1986-இல் வந்த டிராகன் குவெஸ்டுக்கு அல்டிமாவும், விசர்ட்ரி என்ற இன்னொரு ஆர்பிஜியும்தான் முன்மாதிரி. அந்த வழியில் பார்த்தால், அல்டிமா என்ற பெயரையே கேள்விப்படாதவர்கூட அதன் பேரப்பிள்ளைகளோடு ஆடியிருப்பார்.

தொடர் உண்மையில் பெரிதானது 1985-இல் வந்த நான்காவது பாகத்தில். சொந்த நிறுவனம் தொடங்கிய பிறகுதான் ஆட்டக்காரர்களின் கடிதங்கள் கேரியட்டின் கைக்கு நேராக வந்தன. படித்தால், ஆளாளுக்கு ஊர்க்காரர்களைக் கொன்று, கடைகளில் திருடி, அப்படியே போய் வில்லனையும் முடித்துவிட்டு ‘ஹீரோ’ ஆகியிருக்கிறார்கள். அடுத்த பாகத்தில் வில்லனே இல்லாமல் செய்துவிட்டார். நேர்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்ற எட்டுப் பண்புகளிலும் தேறி ‘அவதார்’ ஆவதுதான் இலக்கு. பெயரையும் கருத்தையும் இந்து மரபிலிருந்து எடுத்தார். ஒவ்வொரு பண்புக்கும் ஒரு கோயில், ஒரு மந்திரம் உண்டு. அங்கே போய்த் தியானம் செய்ய வேண்டும்.

நீதிபோதனை என்று நினைத்துவிட வேண்டாம். இதில் இருந்த கெட்டிக்காரத்தனம் வேறு. மூலிகை விற்கும் பெண்ணுக்குக் கண் தெரியாது; எவ்வளவு காசு வைக்கிறீர்கள் என்று நீங்களேதான் சொல்ல வேண்டும். குறைத்து வைத்தால் அப்போது யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். ஆனால் உள்ளே ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். பிச்சைக்காரருக்குக் காசு கொடுத்தால் ஏறும், சண்டையில் கோழை மாதிரி ஓடினால் இறங்கும். ஸ்கிரீனில் எங்கும் மதிப்பெண் தெரியாது. அரண்மனையில் இருக்கும் ஒரு ஞானியிடம் போய்க் கேட்டால் மட்டும் ஜாடையாகச் சொல்வார். 1985-இல், இவ்வளவு சின்ன மெமரியில் இதைச் செய்தார்கள். இன்றைக்கு வரும் பல ‘உங்கள் தேர்வுதான் கதையை முடிவுசெய்யும்’ கேம்களைவிட இது நாணயமானது என்பது என் கருத்து.

1988-இல் ஐந்தாவது பாகம் அதே பண்புகளைத் திருப்பிப்போட்டது. மன்னர் காணாமல் போக, பிளாக்தார்ன் என்பவர் ஆட்சிக்கு வந்து எட்டுப் பண்புகளையும் சட்டமாக்கிவிடுகிறார். பொய் சொன்னால் நாக்கு போகும், வருமானத்தில் பாதியைத் தானம் செய்யாவிட்டால் வருமானமே போகும், இப்படி. 1990-இல் ஆறாவது பாகம் இன்னொரு படி போனது. அதுவரை அரக்கர்கள் என்று வெட்டிச் சாய்த்த கார்காயில்களுக்கும் ஒரு வேதம், ஒரு ஊர், ஒரு நியாயம் இருக்கிறது. நீங்கள் நான்காவது பாகத்தில் பெருமையாக எடுத்துவந்த நூலால்தான் அவர்கள் உலகம் அழிகிறது. முந்தைய பாகத்தில் செய்த நல்லதற்கே அடுத்த பாகத்தில் விளக்கம் கேட்கும் தொடர் அது. ஒன்பதாவது பாகம் எங்கே சறுக்கியது என்று புரிய இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் 1992 ஏப்ரலில் ஏழாவது பாகம், ‘தி பிளாக் கேட்’. உச்சம் இதுதான். டிரின்சிக் ஊரில் ஒரு குதிரைக் கொட்டகைக்குள் கொல்லன் ஒருவன் கோரமாகக் கொல்லப்பட்டுக் கிடப்பதில் ஆரம்பிக்கிறது. துப்புத் துலக்கிக்கொண்டே போனால் ‘ஃபெலோஷிப்’ என்ற அமைப்பு தட்டுப்படும். ஊருக்கு ஊர் கிளை, ஏழைகளுக்கு உதவி, இனிக்கப் பேசும் தலைவர் பாட்லின். அவர்களுக்குப் பின்னால் கார்டியன் என்ற ஒன்று. கதை ஒரு பக்கம் இருக்க, அந்த உலகமே தனி. கடைக்காரர் காலையில் கடை திறப்பார், மத்தியானம் சாப்பிடப் போவார், இரவில் மதுக்கடையில் இருப்பார், பிறகு வீட்டுக்குப் போய்த் தூங்குவார். மாவில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து, அடுப்பில் வைத்தால் ரொட்டி கிடைக்கும். அந்த ரொட்டிக்கும் கதைக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் இந்த கேமைப் பற்றிப் பேசுகிற ஒவ்வொருவரும் ரொட்டியைச் சொல்லாமல் விடமாட்டார்கள்.

இந்த உச்சத்துக்கு என்ன விலை? அதையும் சொல்ல வேண்டும். ஏழாவது பாகத்துக்கென்று தனியாக ‘வூடூ’ என்ற மெமரி மேனேஜரை எழுதினார்கள். அன்றைய இயங்குதளமான டாஸில் மற்ற புரோகிராம்கள் பயன்படுத்தும் மெமரி மேனேஜரோடு அது ஒத்துப்போகாது. இந்த கேமை ஓட்டுவதற்கென்றே தனி பூட் டிஸ்க் (கம்ப்யூட்டரைத் தொடங்கும் டிஸ்க்) செய்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இருக்கும் கம்ப்யூட்டருக்கு ஏற்ப கேம் செய்வது ஆரிஜினின் வழக்கமே இல்லை. கேம் வெளிவரும்போது சந்தையில் என்ன கம்ப்யூட்டர் இருக்குமோ அதற்குச் செய்வார்கள். எண்ணிட்ட இரண்டு அல்டிமாக்கள் ஒரே எஞ்சினில் (கேமை இயக்கும் அடிப்படை மென்பொருளில்) ஓடக்கூடாது என்பது அவர்களுடைய எழுதாத சட்டம். ‘பிளாக் கேட்’ எஞ்சினிலேயே 1993-இல் செய்த ‘சர்ப்பன்ட் ஐல்’ கேமுக்கு எட்டாவது பாகம் என்று பெயர் வைக்காமல் ‘ஏழாவது பாகம், பகுதி இரண்டு’ என்று வைத்தது அதனால்தான். ஒவ்வொரு பிள்ளையின் கல்யாணத்துக்கும் வீட்டை அஸ்திவாரம் வரை இடித்துப் புதிதாகக் கட்டுகிற குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று கல்யாணத்துக்கு ஊரே வாய் பிளக்கும்.

வேறு வழி தெரியாமல் இல்லை. ஆறாவது பாகத்தின் எஞ்சினை வைத்து ‘சாவேஜ் எம்பயர்’ (1990), ‘மார்ஷியன் ட்ரீம்ஸ்’ (1991) என்று இரண்டு கிளைக் கேம்கள் வந்தன. இரண்டாவது, செவ்வாய் கிரகத்துக்கு விக்டோரியா காலத்து ஆட்கள் பீரங்கிக் குண்டுக்குள் உட்கார்ந்து போகிற விசித்திரமான கதை, அருமையாக இருக்கும். 1992-இல் ‘அல்டிமா அண்டர்வோர்ல்டு’ வந்தது. அதைச் செய்தது வெளியே இருந்த ஒரு சின்னக் குழு, பின்னாளில் லுக்கிங் கிளாஸ் ஆனவர்கள். ஆக, அடித்தளத்தை ஒருமுறை போட்டுவிட்டு அதன்மேல் கதைகளை அடுக்குவது எப்படி என்று ஆரிஜினுக்குத் தெரியும். முக்கியப் பாகங்களுக்கு அதைச் செய்ய மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

செலவு கூடிக்கொண்டே போனதால், 1992 செப்டம்பரில் சுமார் 3.5 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளுக்கு நிறுவனத்தை ஈஏவிடம் விற்றார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதற்குச் சில மாதம் முன்பு வந்த ‘பிளாக் கேட்’ கேமிலேயே ஈஏவைக் கிண்டல் செய்திருந்தார்கள். ஊர் ஊராகக் கெடுதல் செய்துகொண்டு போகும் இரண்டு பேரின் பெயர் எலிசபெத், ஆபிரகாம். ஆங்கிலத்தில் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் ஈ, ஏ. வில்லனின் மூன்று இயந்திரங்கள் கனசதுரம், கோளம், நான்முகி. அன்றைய ஈஏ சின்னத்தில் இருந்த சதுரம், வட்டம், முக்கோணம்தான். ஆரிஜினின் வாசகம் ‘நாங்கள் உலகங்களைப் படைக்கிறோம்’ என்பது, கார்டியனின் பட்டமோ உலகங்களை அழிப்பவன். கேம் கடைக்கு வந்த அதே வருடம் அந்த வீட்டுக்கே வாழ்க்கைப்பட்டுப் போனார்கள்.

ஈஏ வைத்த காலக்கெடுவின் வேலை முதலில் தெரிந்தது ‘சர்ப்பன்ட் ஐல்’ கேமில். முதல் பாதி தொடரிலேயே மிகச் செறிவான எழுத்து. பாதி தாண்டியதும் ஊர்களில் ஆளே இருக்காது. கதை அதற்குக் காரணம் சொல்லும், ஆனால் திட்டமிட்டிருந்த நிறைய பகுதிகள் நேரமில்லாமல் வெட்டப்பட்டன என்பது ஆடும்போதே கைக்குத் தட்டுப்படும்.

1994 மார்ச்சில் எட்டாவது பாகம் ‘பேகன்’. மறுபடி புது எஞ்சின், புது உலகம். கூட்டாளிகள் கிடையாது, தொடரின் வழக்கமான உலகமான பிரிட்டானியா கிடையாது, எட்டுப் பண்புகள் கிடையாது, ஊர் என்று சொல்ல ஒன்றே ஒன்று. பதிலாக, தண்ணீருக்கு மேல் நகரும் கற்களில் குதித்துக் குதித்துப் போக வேண்டும். தவறி விழுந்தால் உடனே சாவு. உலகத்தைப் பலமுறை காப்பாற்றிய வீரனுக்கு நீச்சல் தெரியாது. ரசிகர்கள் ‘சூப்பர் அவதார் பிரதர்ஸ்’ என்று கேலி செய்தார்கள். பிறகு ஒரு பேட்ச் (திருத்த மென்பொருள்) வந்து, எங்கே கிளிக் செய்கிறோமோ அங்கே குதிக்கும்படி மாற்றினார்கள். கிட்டத்தட்ட முடிந்திருந்த ‘லாஸ்ட் வேல்’ என்ற கூடுதல் பகுதியை, விற்பனை போதவில்லை என்று கிடப்பில் போட்டார்கள். கெடுவுக்காக கேமை முடியாத நிலையில் வெளியிட்டோம் என்பதைக் கேரியட் பின்னாளில் வெளிப்படையாகவே ஒத்துக்கொண்டிருக்கிறார்.

எனக்கு ‘பேகன்’ மேல் ஒரு பரிவு உண்டு. அந்த உலகத்தின் மந்திர முறைகள் ஒவ்வொன்றும் வேறு வேறு விதியில் ஓடும்; பிணங்களோடு பேசுகிற முறை ஒன்று, மெழுகுவர்த்திகளை ஐந்துமுனை நட்சத்திரத்தில் அடுக்குகிற முறை ஒன்று. வீடு திரும்ப வேண்டும் என்பதற்காக அவதார் அந்த மக்களின் தெய்வங்களையே ஒவ்வொன்றாக ஏமாற்றிச் சக்தியைப் பறிக்கிறான். பண்புகளால் பெயர் வாங்கியவன் பண்பில்லாதவன் ஆகிறான் என்பது ஐந்தாவது, ஆறாவது பாகங்களின் தரத்துக்கு நிற்கக்கூடிய கரு. ஆனால் கேமுக்குள் யாரும் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. எழுதி முடிக்க நேரம் இருந்திருந்தால் கவனித்திருப்பார்களோ என்னவோ.

அடுத்து நடந்ததுதான் பலர் மறந்துவிடும் பகுதி. ஒன்பதாவது பாகத்தின் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, இணையத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒன்றாக ஆடும் அல்டிமா என்ற யோசனையைக் கேரியட் ஈஏவிடம் கொண்டுபோனார். நம்பிக்கையே இல்லாமல் மாதிரி செய்ய 2.5 லட்சம் டாலர் கொடுத்தார்கள். சோதனை ஆட்டத்துக்குக் காசு கட்டி டிஸ்க் வாங்க ஐம்பதாயிரம் பேர் பெயர் கொடுத்ததும் எல்லார் கண்ணும் திறந்தது. ஒன்பதாவது பாகத்தின் ஆட்களைத் தூக்கி அல்டிமா ஆன்லைனில் போட்டார்கள். 1997 செப்டம்பரில் வந்தது. மாதம் பத்து டாலர் சந்தா. 2003 வாக்கில் உச்சத்தில் சுமார் 2.5 லட்சம் பேர். அதாவது மாதாமாதம் சுமார் 25 லட்சம் டாலர். ஒருமுறை பெட்டி விற்றுவிட்டு அடுத்த பாகத்துக்கு நாலு வருடம் காத்திருப்பதோடு இதை ஒப்பிட்டால், ஒரு நிர்வாகி எந்தப் பக்கம் சாய்வார் என்று சொல்லத் தேவையில்லை. (தாவரம் தின்னும் மிருகம், அதைத் தின்னும் மிருகம் என்று ஒரு முழு இயற்கைச் சுழற்சியை அதில் எழுதிவைத்திருந்தார்கள். ஆட்டக்காரர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் கொன்றுவிட்டதால் அது ஓடவே இல்லை. நான்காவது பாகத்துக்கு முன்னால் வந்த கடிதங்கள் மாதிரியேதான்.)

ஆட்கள் ஒன்பதாவது பாகத்துக்குத் திரும்பி வந்தபோது முப்பரிமாணக் காட்சிகளை வரையும் கிராஃபிக்ஸ் கார்டுகள் சந்தையைப் பிடித்திருந்தன. செய்த வேலை பழசாகிவிட்டது. சரி, மறுபடியும் முதலிலிருந்து. இந்த முறை 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் கார்டுகளை நம்பி எழுதினார்கள். அந்தக் கார்டுகளின் பெயரும் வூடூ என்பது விதியின் குசும்பு. வேலை நடக்கும்போதே பொறுப்பாளர்கள் மாறினார்கள், கதை மாறியது, கூட்டாளிகள் போனார்கள். கேம் முடிவதற்குள் 3டிஎஃப்எக்ஸின் பிடியும் தளர ஆரம்பித்திருந்தது. மற்ற கார்டுகளில் கேம் தவழ்ந்தது.

1999 நவம்பரில், கிறிஸ்துமஸ் விற்பனையைத் தவறவிடக்கூடாது என்று ‘அசென்ஷன்’ வெளியானது. கேம் அடிக்கடி நின்றுபோகும், சேமித்து வைத்த ஆட்டம் கெட்டுப்போகும். பதிவு செய்து வாங்கியவர்களுக்குச் சரிசெய்த டிஸ்கைப் பிறகு தபாலில் அனுப்ப வேண்டிவந்தது. ஆனால் பக்குகளை (மென்பொருள் பிழைகளை) மட்டும் வைத்து ரசிகர்கள் இவ்வளவு வருடம் கோபப்பட்டிருக்கமாட்டார்கள். பேட்ச் போட்டால் அது தீரும். ‘பேகன்’ முடிவில் அவதார் வந்து நிற்பது கார்டியன் பிடித்துவிட்ட பிரிட்டானியாவில். ‘அசென்ஷன்’ தொடங்குவது பூமியில், அவன் வீட்டில், எதுவுமே நடக்காத மாதிரி. ‘பாலடின்’ (அறவழிப் போர்வீரன்) என்றால் யார் என்று அவன் ஒருவரிடம் கேட்கிற வசனம் இன்றும் பிரபலம். நான்காவது பாகத்திலிருந்து பாலடின்களோடு தோளோடு தோள் நின்றவன் கேட்கிற கேள்வி அது! புதிதாக வருகிறவர்களுக்குப் புரிய வேண்டும் என்று செய்தது. விளைவு, பதினான்கு வருடமாகத் தன் ஞாபகசக்திக்குப் பெயர்போன தொடருக்கே மறதி வந்துவிட்டது.

நியாயமாகச் சொன்னால், இசை நன்றாக இருந்தது. லோடிங் இடைவெளியே இல்லாமல் பிரிட்டானியா முழுவதையும் நடந்து கடக்கலாம். அந்த வருடத்தில் அது பெரிய சாதனை. ரொட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடலில் அடுக்கிப் பாலம் கட்டி, டெவலப்பர்கள் எதிர்பார்க்காத தீவுகளுக்கெல்லாம் ஆட்கள் நடந்துபோனார்கள். ஏழாவது பாகத்தின் ரத்தம் அங்கே எங்கோ கொஞ்சம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மீதியை வேகமாகச் சொல்லிவிடலாம். கேரியட் 2000-இல் வெளியேறினார். அல்டிமா ஆன்லைனின் இரண்டாம் பாகத்தை 2001-இல் ரத்து செய்தார்கள். 2004 பிப்ரவரியில் ஆரிஜினை மூடினார்கள். சில மாதத்தில் ‘அல்டிமா எக்ஸ்: ஒடிசி’யும் ரத்து. 2010-இல் பிரவுசரில் ஆடும் ‘லார்ட் ஆஃப் அல்டிமா’, 2013-இல் போனில் ஆடும் ‘அல்டிமா ஃபாரெவர்’. இரண்டையும் 2014-இல் நிறுத்திவிட்டார்கள். கேரியட் தனியாகக் கூட்டுநிதி திரட்டிச் செய்த ‘ஷ்ரவுட் ஆஃப் தி அவதார்’ 2018-இல் வந்தது, பெரிதாக எடுபடவில்லை. ஆக, ஈஏ இல்லாத இடத்திலும் பழைய மந்திரம் திரும்பவில்லை. எல்லாப் பழியையும் ஈஏ மேல் போடுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

அப்படியானால் எஞ்சினைத் திரும்பப் பயன்படுத்தியிருந்தால் தப்பித்திருக்குமா? அதே காலத்தில் பயோவேர் என்ற இன்னொரு கேம் நிறுவனம் ஒரே இன்ஃபினிட்டி எஞ்சினை எழுதியது. அதன்மேல் 1998-க்கும் 2000-க்கும் இடையில் பால்டர்ஸ் கேட் இரண்டு பாகம், பிளேன்ஸ்கேப் டார்மென்ட், ஐஸ்விண்ட் டேல் என்று வரிசையாக வந்தன. மூன்று, நான்கு வருடம் எஞ்சினில் செலவழிக்க வேண்டிய நேரம் எழுத்துக்குப் போனது. ஆனால் எதிர் உதாரணமும் இருக்கிறது. மைட் அண்ட் மேஜிக் தொடர் 1998, 1999, 2000 என்று வருடம் ஒன்றாக ஆறு, ஏழு, எட்டு பாகங்களை ஏறக்குறைய ஒரே எஞ்சினில் தள்ளியது. ஆட்டக்காரர்களுக்குச் சலித்துப்போனது. 2002-இல் ஒன்பதாவது பாகம் அரைகுறையாக வந்தது, 2003-இல் நிறுவனம் திவால். அதனால் எஞ்சினை மாற்றாமல் இருப்பதே மருந்து என்று சொல்லமாட்டேன். என் கணக்கில் அல்டிமாவுக்குத் தேவைப்பட்டது ‘பிளாக் கேட்’ எஞ்சினில் இன்னும் ஒரே ஒரு பெரிய கதையும், அதற்கு இரண்டு வருட அவகாசமும். ‘பேகன்’ கதையை அந்த எஞ்சினில், கூட்டாளிகளோடு, குதிக்கிற கற்கள் இல்லாமல் நினைத்துப் பாருங்கள்.

தொடர் நின்றாலும் பாணி நிற்கவில்லை. லாரியன் என்ற கேம் ஸ்டூடியோவின் தலைவர் ஸ்வென் விங்கே, ஏழாவது பாகம்தான் தன்னை இந்தத் தொழிலுக்கு இழுத்தது என்று பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவர்கள் செய்து 2014-இல் வந்த ‘டிவினிட்டி: ஒரிஜினல் சின்’ கேமிலும், 2023-இல் வந்த பால்டர்ஸ் கேட் 3-இலும் மேசையில் இருக்கிற எதையும் எடுக்கலாம், நகர்த்தலாம், யார் தலையிலாவது போடலாம். அது எங்கிருந்து வந்தது என்று பழைய ஆட்களுக்குத் தெரியும்.

எதிலிருந்து தொடங்கலாம் என்ற கடைசிக் கேள்விக்கு வருகிறேன். ஏழாவது பாகத்திலிருந்து தொடங்குங்கள். கேம்களை விற்கும் ஜிஓஜி தளத்தில் ‘பிளாக் கேட்’, ‘சர்ப்பன்ட் ஐல்’ இரண்டும் சேர்ந்தே விற்கிறார்கள். ரசிகர்கள் இலவசமாக எழுதிய ‘எக்ஸல்ட்’ என்ற எஞ்சினைப் போட்டு அதில் ஓட்டினால் பூட் டிஸ்க் தொல்லை எதுவும் இல்லை. கதை வேண்டாம் என்று முதல் வாரம் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாலும் தப்பில்லை. அது பிடித்துப்போனால் நான்காவது பாகத்துக்குப் போங்கள். அதை இலவசமாகவே தருகிறார்கள், கூடவே கையேடுகளும் கிடைக்கும். கையேட்டைப் படிக்காமல் ஆடினால் ஒன்றும் புரியாது. பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் யார் என்ன சொன்னார்கள் என்று கேம் குறித்துவைக்காது. அல்டிமா ஆன்லைன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2014-இலிருந்து பிராட்ஸ்வோர்டு என்ற நிறுவனம் அதை நடத்துகிறது. முதல் மூன்று பாகங்கள் ஆராய்ச்சிக்கு. ‘பேகன்’ ஆடுவதென்றால் பேட்ச் போட்ட பதிப்பை மட்டும் ஆடுங்கள். ‘அசென்ஷன்’ வேண்டாம், ஆர்வம் தாங்கவில்லை என்றால், ரொட்டிப் பாலம் கட்டுகிறவர்களின் வீடியோவைப் பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள்.